செவலை கேட்ட மணிச் சத்தம்

கண்மாய்க் கரையில் ஒரு கொடாப்பு கவிழ்ந்திருந்தது. மூங்கில் சிம்பால் பின்னிய பெரிய கூடை அது. அதற்குள் ஐந்து செம்மறிக் குட்டிகளை அடைத்திருந்தான் சாத்தையன் என்ற சிறுவன். காவலுக்குச் செவலை நாய்.

"நான் வர்ற வரைக்கும் நகரக் கூடாது, என்ன?" என்று சொல்லிவிட்டு, கழுத்தில் மணி கட்டிய தாய் ஆடுகளைக் கரைக்கு அந்தப் பக்கம் மேய்க்க ஓட்டிப் போனான்.

செவலைக்குச் சாத்தையன் என்றால் உயிர். தாயில்லாக் குட்டியாகக் கிடந்ததைத் தன் கஞ்சியில் பாதியை ஊற்றி வளர்த்தவன் அவன்தான்.

இதெல்லாம் புதருக்குள் இருந்த குள்ளநரிக்குத் தெரியும். குட்டிகளைப் பார்த்து அதற்கு நாக்கில் எச்சில் ஊறியது. சண்டை போட்டால் செவலையை ஜெயிக்க முடியாது. அதனால் மூச்சிரைக்க ஓடிவந்தது.

"செவலை அண்ணே! மோசம் போயிட்டோம்! உங்க பையன் கண்மாய்ச் சேத்துல மாட்டிக்கிட்டான்! கழுத்து வரைக்கும் இறங்கிட்டான்! ஓடுங்க!"

செவலை துள்ளி எழுந்தது. நாலு கால் பாய்ச்சலில் கிளம்பியே விட்டது.

"குட்டிகளை நான் பாத்துக்கிறேன், கவலைப்படாதீங்க!" என்றது நரி. என்ன ஒரு நல்ல மனசு!

அப்போது கொடாப்புக்குள் ஒரு குட்டி சிணுங்கியது. "பசிக்குது! எங்கம்மா மணி அங்கேயே கேக்குது, இன்னும் வர மாட்டேங்குதே!"

செவலை சட்டென்று நின்றது. காதை நிமிர்த்தியது. கரைக்கு அப்பால் மணிகள் நிதானமாகக் கிணுகிணுத்துக்கொண்டிருந்தன.

"நரியாரே! பால் கட்டின ஆட்டுக்குக் குட்டி நெனப்புதான்! மறிக்க ஆள் இல்லேன்னா அடுத்த நிமிஷமே இங்க வந்து நிக்கும். இன்னும் அங்கேயே மேயுதுன்னா, என் பையன் கம்போட முன்னால நிக்கிறான்!"

"என் ரெண்டு கண்ணால பாத்தேன், அண்ணே!"

"அதே கண்ணால என் பல்லையும் பாத்துட்டுப் போ!"

நரி ஓட்டம் பிடித்தது.

ஆனாலும் செவலைக்கு மனசு ஆறவில்லை. ஒருவேளை உண்மையாக இருந்தால்? பொழுது சாயும் வரை கொடாப்புப் பக்கத்திலேயே நின்று கரையையே பார்த்துக்கொண்டிருந்தது. இடத்தை விட்டு மட்டும் நகரவில்லை.

சாயங்காலம் ஆடுகள் கத்திக்கொண்டு ஓடிவந்தன. பின்னாலேயே சாத்தையன்! செவலை அவன்மேல் பாய்ந்து கால், கை, கழுத்து என்று மோந்து தீர்த்தது. எங்கேயும் சேறு இல்லை.

"என்னடா இன்னைக்கு இவ்வளவு கொஞ்சல்! காலையிலதானே பாத்தோம்!" என்று சிரித்தபடி அவன் கொடாப்பைத் தூக்கினான். ஐந்து குட்டிகளும் தாய்மடிக்கு ஓடின.

பதறும் நேரத்திலும் நின்று யோசிக்கிற அன்புதான் நம்பி ஒப்படைத்ததைக் காப்பாற்றும்.