போன வண்டி திரும்பி வந்துச்சு

ஒரு ஊர்ல ஒரு படம் காட்டுறவர் இருந்தாராம். பேரு வேதமுத்து. அப்போல்லாம் படம் பேசாது. அதனால வலது கையால மெஷினைச் சுத்திக்கிட்டே, டகடக டகடகன்னு, அவரே கதையும் சொல்லணும். சுத்திச் சுத்தித் தோள்பட்டை விட்டுப்போச்சு. ஆனா நிறுத்த முடியாது. நிறுத்தினா விளக்குச் சூட்டுல படம் கருகிடும். அவர்கிட்ட இருந்ததே அந்த ஒரு படம்தான். நீ "ம்" கொட்டிக்கிட்டே கேளு.

அது சிரிப்புப் படம். அநாதைப் பிள்ளைங்க, அக்காவும் தம்பியும். ஒரு பணக்காரம்மா தம்பியை மட்டும் தத்தெடுத்துக் குதிரைவண்டியில ஏத்திக்கிட்டுப் போவா. அக்கா பின்னாலயே ஓடி, சேத்துல தொபுக்கடீர்! கொட்டகையே சிரிக்கும்.

முதல் நாளு, மணல்ல உட்கார்ந்த ஒரு பொண்ணு மட்டும் சிரிக்கல. அநாதை ஆசிரமத்துப் பொண்ணு, பேரு பவளம். மடியில தம்பி.

"ஏன் பாப்பா, சிரிப்பு வரலையா?"ன்னு படம் முடிஞ்சதும் வேதமுத்து கேட்டாரு.

"நாளன்னிக்கு இவனைத் தத்தெடுக்க வராங்க. நான் பெரியவளாம், வேணாமாம்."

ம்... அப்புறம் ரெண்டாம் நாளு. "ரெண்டு பேரையும் ஏத்திக்கிட்டாங்கன்னு சொல்லுங்களேன், ஐயா"ன்னா பவளம். பாவம்னு அவரும் சொன்னாரு.

"யோவ், கண்ணு அவிஞ்சுபோச்சா? அது சேத்துல கிடக்குதுய்யா!"ன்னு ஒரே கூச்சல். அவருக்கு அந்தப் படமே அலுத்துப்போச்சு.

மூணாம் நாளு பெஞ்சுல, தத்தெடுக்க வந்த ரொட்டிக்கடைக்காரரும் அவர் சம்சாரமும். நடுவுல பவளத்தோட தம்பி. படம் முடிஞ்சதும் அவனைக் கூட்டிட்டுப் போகணும். பவளம் தனியா மணல்ல.

திரையில வண்டி கிளம்புச்சு. அக்கா விழுந்தா. அப்போ வேதமுத்து மெஷினைப் பின்பக்கமா சுத்தினாரு. கடகட கடகட... சேத்துல கிடந்தவ விசுக்குன்னு எழுந்தா. குதிரை பின்பக்கமாவே நடந்து வந்துச்சு. வண்டி வாசல்ல, அக்கா பக்கத்துலயே வந்து நின்னுச்சு.

அவரு கையை எடுத்துட்டாரு.

புஸ்ஸ்ஸ்... படம் மொத்தமும் கருகி, திரை வெறும் வெள்ளையாச்சு.

"ஐயா, அப்புறம் என்னாச்சு?"ன்னு ரொட்டிக்கடைக்காரர் சம்சாரம் கேட்டா.

"இனி வண்டி போகாதும்மா. போற இடமெல்லாம் எரிஞ்சுபோச்சு."

அவ திரும்பிப் பார்த்தா. தம்பி எப்பவோ பெஞ்சை விட்டு இறங்கி, அக்கா மடியில கிடக்கான். அந்தம்மாவும் மணல்ல போய் உட்கார்ந்தா.

"ரெண்டு பேருக்கும் ஒரே பாய் போதுமா?"

"இவன் உதைப்பான். எனக்குப் பழக்கம்தான்"ன்னா பவளம்.

மூணு பேரும் எழுந்தாங்க. ரொட்டிக்கடைக்காரர் தம்பியைத் தோள்ல போட்டுக்கிட்டாரு. வேதமுத்து வலிக்கிற தோளைத் தடவிக்கிட்டே காலி மெஷினுக்குப் பக்கத்துல சாய்ஞ்சாரு.

ம்? ...சரி. திரையும் வெள்ளையாச்சு, கதையும் ஆச்சு. கண்ணை மூடிக்கோ.