இராயப்பர் தேர் கொழும்பு போன கதை

முதலில் எனக்குத் துரோகம் செய்தவன் பெயரைச் சொல்லிவிடுகிறேன். இஞ்ஞாசி பர்னாந்து, எங்கள் கடற்கரை ஊரின் திருவிழாக் கமிட்டித் தலைவன். எங்கள் கோயில் புனிதர் இராயப்பரின் தேர் வடத்தில் முதல் பிடி என் அப்பாவுடையது, அவருக்குப் பின் என்னுடையது. பதினெட்டு வருடத்துக்கு முன்பு அதை மஸ்கட்டிலிருந்து வந்த தன் மருமகனுக்குக் கொடுத்துவிட்டு, என்னைப் பின்சக்கரத்துப் பக்கம் தள்ளினான்.

இன்று காலை, தேர் கிளம்புமுன், கோயில் வாசல் டீக்கடையில் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"பின்னால நின்னவன் சும்மா நின்னேனா? நேர்ச்சைக்காரங்க தேர்மேல உப்பும் மிளகும் எறிவாங்கல்லா, அந்த வருசம் எறிஞ்ச மிளகுல சூரியனே மறைஞ்சு போச்சு. என் மூக்குக்குள்ள மட்டும் கால்படி. தும்மினேன் பாரு! தேர் மூணு தெரு தாண்டிட்டு."

"வடம் இழுத்தவங்க?" என்றான் சலேத்து. நான் 'கடல்' என்றால் 'குளம்' என்பவன்.

"தேர் அவங்களை முந்திட்டு. ஐந்நூறு பேரும் வடத்தைப் பிடிச்சபடி, கொடியில காயுற துணி மாதிரி பின்னால பறந்தாங்க. ரெண்டாவது தும்மல்ல கடல். தேர் மிதந்துச்சு. மேல நிக்கது யாரு, தண்ணிமேல நடந்த இராயப்பரு!"

"அவரு பாதியில முங்கினாருல்லா?"

"அன்னைக்கு அவருகூட நான் இல்லல்லா. சீலா மீனும் பாறை மீனும் ரெண்டு பக்கமும் வரிசை கட்டி வந்துச்சு. ஒரு திமிங்கிலம் வந்து முதல் பிடி கேட்டுது. போவே, எனக்கே கிடைக்கலன்னு விரட்டிட்டேன்."

டீ ஊற்றுகிறவன் டம்ளரை வைத்துவிட்டுச் சிரித்தான்.

"நடுக்கடல்ல வடத்து நுனியில தொங்கின இஞ்ஞாசி அழுதான். 'லாசர் அண்ணே, கரை சேத்துவிடும். முதல் பிடி இனி உமக்குத்தான். இராயப்பர் சாட்சி!'ன்னான்."

"நல்ல சாட்சி பிடிச்சீரு. ஆண்டவரையே மூணு தரம் தெரியாதுன்னு சொன்னவரையா?"

"மூணாவது தும்மல்ல கொழும்பு. அங்க மாலை போட்டுச் சோறு போட்டாங்க. புனிதரைத்தான் திருப்பித் தரமாட்டேன்னாங்க. அவங்க கறியில கிடந்த மிளகை மோந்து பாத்தேன். ஒரே தும்மல், கோயில் வாசல். நாங்க கிளம்பும்போது மைக்கைப் பிடிச்ச சாமியாரு அப்பவும் 'கடைசியாக ஒரு வார்த்தை'ன்னு பேசிக்கிட்டு நின்னாரு."

"இதை மட்டும் நம்பலாம்" என்றான் சலேத்து.

அப்போது இஞ்ஞாசியே பட்டுவேட்டியும் கமிட்டி பேட்ஜுமாக அந்தப் பக்கம் வந்தான். கடை முழுக்கத் திரும்பியது.

"தலைவரே, தேர் கொழும்பு போனது உண்மையா?" என்று கேட்டான் டீ ஊற்றுகிறவன்.

இஞ்ஞாசி என்னைப் பார்த்தான். நெற்றி வியர்வையைத் துடைத்தான். "ஒரு சொல்லு பொய்யில்ல" என்றான்.

நான் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினேன். பதினெட்டு வருடம்! வடத்தைப் பிடிக்கக் கை தானாக நீண்டது.

"அதனாலதான் அண்ணனை வடத்துப் பக்கமே விடுறதில்ல" என்றான் இஞ்ஞாசி. "இன்னொரு தரம் கொழும்பு போயிட்டு வந்தா ஊருக்கே பொங்குற அசனச் சோறு ஆறிப்போகும்."

"நியாயந்தான்" என்றது கடை.

"நானும் வடத்துல தொங்கினவன்தான். இன்னும் கை வலிக்கு" என்றான் சலேத்து, பாவி.

மேளம் கொட்டியது. மருமகன் வடத்தைத் தொட்டான். நான் பின்சக்கரத்துப் பக்கம் போய் நின்றேன். முதல் பிடி எனக்கு இன்னும் வரவேண்டியிருக்கிறது.