சடையன் குரலில் பேசிய மைனா

மலையடிவாரக் காட்டில் இருமல் நோய் பரவியது. இன்று முயல் தும்மினால் நாளை மான் இருமியது, அடுத்த நாள் கரடியே சுருண்டு படுத்தது. "யாரும் வீட்டைவிட்டு வெளியே வரக் கூடாது" என்று யானையார் உத்தரவு போட்டுவிட்டார்.

அப்படியானால் பள்ளிக்கூடம்? இருவாச்சி வாத்தியார் ஒரு வழி கண்டுபிடித்தார். காட்டிலேயே பெரிய தொண்டை அவருக்குத்தான். உச்சி மரத்தில் உட்கார்ந்து பாடத்தைக் கத்திச் சொன்னார். குட்டிகள் அவரவர் வீட்டிலிருந்தே கேட்டன, பதிலையும் கத்திச் சொன்னன.

ஆமை அலமேலுவுக்குக் கொண்டாட்டம். முன்பெல்லாம் அவள் பள்ளிக்கு வந்து சேர்வதற்குள் கடைசி மணி அடித்துவிடும். இப்போது முதல் பாடமே முழுசாகக் கிடைத்தது. எறும்புத்தின்னி பாடுதான் திண்டாட்டம். அவன் வளைக்குள் பாதிச் சொல்தான் போய்ச் சேர்ந்தது.

எல்லோரையும்விடச் சந்தோஷமாக இருந்தவன் குட்டிக்குரங்கு சடையன். வாத்தியார் கண்ணுக்குத்தான் அவன் தெரியமாட்டானே! பக்கத்துக் கிளையில் இருந்த மலை மைனா வேணியைப் பிடித்தான். கேட்ட குரலில் அப்படியே பேசுவதில் அவள் கெட்டிக்காரி.

"வேணி, என் குரல்ல 'உள்ளேன் ஐயா'ன்னு சொல்லிடு. தினமும் உனக்கு முதுகு சொறிஞ்சு விடறேன்."

"கேள்வி கேட்டா?"

"அதுக்கும் நீயே சொல்லிடு. நான் கொஞ்சம் கண்ணசந்துக்கறேன்."

சடையன் பகலெல்லாம் குறட்டை விட்டான். வேணியோ பாடத்தை ஒரு சொல் பிசகாமல் அவன் குரலில் ஒப்பித்தாள். போகப் போக அவளுக்குப் படிப்பே பிடித்துப்போயிற்று. "சடையன் இவ்வளவு சமத்தா!" என்று வாத்தியார் பூரித்துப்போனார்.

நோய் ஒழிந்தது. பள்ளி திறந்த அன்றே சடையனைச் சட்டாம்பிள்ளை ஆக்கினார் வாத்தியார்.

"சின்னக் குட்டிகளை ஆத்தங்கரைக்குக் கூட்டிட்டுப் போ. வழியில எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாதுன்னு உனக்குத்தான் தலைகீழாத் தெரியுமே."

"அதுக்கென்ன ஐயா" என்றான் சடையன். உள்ளுக்குள் கொஞ்சம் உதறல்தான். ஆனால் பதவி யாருக்குக் கசக்கும்?

பத்துக் குட்டிகள் அவன் பின்னால் நடந்தன. வேணிக்கு மனசு கேட்கவில்லை. மரம் விட்டு மரம் தாவி அவளும் பின்தொடர்ந்தாள்.

வழியில் ஒரு வாழைத்தோட்டம். குலை குலையாகப் பழம். சுற்றிலும் மெல்லிய கம்பி வேலி, தூணுக்குத் தூண் வெள்ளைப் பீங்கான் குமிழ். சடையனுக்கு எச்சில் ஊறியது.

"இது என்ன பெரிய வேலி? என்னைப் பிடிச்சுக்கிட்டே வாங்கடா."

குட்டிகள் அவன் வாலைப் பிடித்துக்கொண்டன. அவன் கம்பியை நோக்கிக் கையை நீட்டினான்.

"வெள்ளைக் குமிழ் இருந்தா அது மின்சாரக் கம்பி! தொட்டா உயிர் போயிடும்!"

சடையன் கை அப்படியே நின்றது. அது அவனுடைய குரல். அவனோ வாயே திறக்கவில்லை. அந்தப் பாடத்தை அவன் குரலில் சொல்லியே பழகிய வேணிக்கு, அவசரத்தில் அதே குரல் வந்துவிட்டது.

"சடையண்ணே, உன் குரல் ஏன் மரத்துலேருந்து வருது?" என்று கேட்டது முயல்குட்டி.

சடையன் திரும்பி, தன் வாலைப் பிடித்திருந்த பத்துக் குட்டிகளையும் பார்த்தான். அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எல்லோரையும் கூட்டிக்கொண்டு நேரே வாத்தியாரிடம் போனான்.

"ஐயா, நான் ஒரு நாள்கூடப் பாடம் கேக்கலை. பதில் சொன்னதெல்லாம் வேணி."

"குரல் வந்தா போதும்னு நானும் இருந்துட்டேனே. ஒரு நடை பறந்து வந்து எட்டிப் பாத்திருக்கணும்" என்றார் வாத்தியார்.

சட்டாம்பிள்ளை பதவி வேணிக்குப் போனது. அலமேலுவுக்காக உச்சி மரத்துப் பாடமும் நிற்காமல் நடந்தது. எறும்புத்தின்னியை வாத்தியார் தன் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டார். சடையன் முதல் பாடத்திலிருந்து படிக்க ஆரம்பித்தான்.

பாடம் நம் வீடு தேடி வரலாம், ஆனால் அதை நமக்காக இன்னொருவர் படித்துவிட முடியாது.