மூன்று விரல் கைப்பிடி

கோவையில் ஒரு பம்பு கம்பெனி. அங்கே பெருக்குகிற மாராத்தாளிடம் முதலாளி தேவராஜ் புதுக் கைப்பம்புக்கான காப்புரிமைப் பத்திரத்தை வீசினார். "செத்துப்போன உம் புருசன் கண்டுபிடிச்சதா இது? நாப்பது பக்கம் இங்கிலீசு! அவன் அடையாளம் ஒண்ணு காட்டு, அவன் பேரைப் போடறேன்."

தொழிலாளிகள் வேலையை விட்டுக் கூடினார்கள். அவள் பக்கங்களைப் போனில் படமெடுத்து, ஏஐயிடம் தமிழில் விளக்கச் சொன்னாள். பதினேழாம் பக்கத்தில் நிமிர்ந்தாள்.

"கைப்பிடி மூணு விரல் பிடிக்கிற அளவுதான்னு எழுதியிருக்குதாமுங்க. உங்களுக்கு எத்தனை விரலுங்க?"

அவள் புருசன் கிட்டுசாமியின் குறிப்பைப் படிக்காமலே காப்பியடித்த முதலாளி, கையைப் பின்னால் மறைத்தார். அந்தக் கம்பெனியின் லேத் மெஷினில்தான் கிட்டுசாமிக்கு இரண்டு விரல் போயிருந்தது.

பத்திரத்தில் கிட்டுசாமி பேர் ஏறியது. மாராத்தாள் அந்தப் பக்கத்தையே போனில் மறுபடி மறுபடி படிக்கச் சொல்லிக் கேட்டாள். விரல் போன விபத்தைக்கூடப் பதியாத கம்பெனி, அவன் கையைப் பற்றி எழுதிவைத்தது அது ஒன்றுதான்.