நாற்பத்தொரு போன்கள்

இந்தக் கதையைப் பல வருடங்களாக நம்பாமல்தான் வைத்திருந்தேன். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், பூட்டை இழுத்துப் பார்க்கத் திரும்பி வருகிற ஆள் நான். எதையும் சுலபமாக நம்ப வராது.

சொன்னவர் அமலோற்பவம். அரசு மருத்துவமனையில் தீவிர சிகிச்சை வார்டு நர்ஸ். காலை டூட்டி இரண்டு மணிக்கு முடியும். ஒவ்வொரு கட்டிலாக நின்று, அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் கிளம்புவார். பஸ் ஆற்றுப் பாலத்தில் ஏறும்போது பயம் பிடித்துக்கொள்ளும். வார்டுக்குப் போன் செய்வார்.

"ஆறாம் பெட் டிரிப்பை மூடினேனா?"

"பாலம் வந்தாச்சா அக்கா?" என்று வார்டில் சிரிப்பார்கள்.

ஒருநாள் பாதி வழியில் இறங்கித் திரும்பியே வந்துவிட்டார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. மறுநாள் ராஜினாமாக் கடிதத்தோடு தமயந்தியின் முன் நின்றார். தமயந்தி வார்டுப் பொறுப்பாளர்; அந்தப் போன்களை எடுப்பவரும் அவர்தான். அமலோற்பவத்தைவிட ஒன்பது வயது இளையவர். ஆனாலும் தீவிர சிகிச்சை வேலையை அமலோற்பவம் தமயந்தியிடம்தான் கற்றிருந்தார்.

"என்னை நானே நம்ப முடியல சிஸ்டர். என் கையால ஒரு உயிர் போயிடும்."

தமயந்தி கடிதத்தை வாங்கவில்லை. இழுப்பறையிலிருந்து ஒரு நோட்டை எடுத்துக் கொடுத்தார். அமலோற்பவம் செய்த ஒவ்வொரு போனும் தேதியோடு, தமயந்தியின் கையெழுத்தில் அதில் இருந்தது. ஆறாம் பெட் டிரிப்: போய்ப் பார்த்தேன், மூடியிருந்தது. பதினொன்றாம் பெட் ஆக்சிஜன்: பார்த்தேன், சரி. இப்படி நாற்பத்தொன்று. ஒன்றுகூடத் தவறில்லை.

"இதை ஏன் முன்னாடியே காட்டல?"

"சரியா இருக்குன்னு போன்ல தினமும் சொன்னேனே. ஒருநாளாவது நம்புனீங்களா?"

அமலோற்பவம் நோட்டை மூடினார். "அப்ப இந்த லெட்டர்?" என்றார்.

"பின்பக்கம் காலியாத்தானே இருக்கு? பதினொன்றாம் பெட் சர்க்கரை அளவை அதுல குறிச்சுட்டு வாங்க அக்கா."

அவர் குறித்துக்கொண்டு வந்தார். அதன்பின் பன்னிரண்டு வருடம் அதே வார்டில் வேலை பார்த்தார்.

எனக்கு அந்த நோட்டுதான் உறுத்தியது. அத்தனை வேலைக்கு நடுவே யார் இப்படி எழுதிவைப்பார்கள்? போன மாதம் அமலோற்பவத்திடமே கேட்டுவிட்டேன்.

"நாற்பத்தொன்றையும் தமயந்தி முந்தின நாள் ஒரே மூச்சில் உட்கார்ந்து எழுதியிருந்தால்?"

அவர் சிரித்தார். "நோட்டைப் பார்த்த அன்னிக்கு பஸ்ல எனக்கும் அதே சந்தேகம் வந்துச்சு சார். அவங்ககிட்டயே கேட்டுடலாம்னு போனை எடுத்தேன்."

"கேட்டீங்களா?"

"பைக்குள்ள போட்டுட்டேன். பஸ் பாலத்தைத் தாண்டிருச்சு."