கயிற்றை விட்டவனைப் பார்த்தவள்

ஒரு விடுகதை போடுகிறேன், விடை சொல்லுங்கள். ஊரே கேட்க வேண்டிய சேதி. அதைச் சொல்ல, ஊரில் யாரும் நம்பாத ஆட்களாகப் பார்த்து அனுப்பினார் ஒருவர். யார் அவர்?

பிலோமினாவுக்கு விடை தெரியும். மறைக்கல்வி வகுப்பில் படித்ததுதான். அதனால்தான் அவளுக்கு அவ்வளவு கோபம்.

"இயேசுவுக்கு வேற ஆளே கெடைக்கலையா சிஸ்டர்?"

வியான்னி சிஸ்டர் பள்ளிக்கூட மண்டபத்துப் படியில் உட்கார்ந்திருந்தார். மூடிய கதவுக்குப் பின்னால், கோவில் நிர்வாகத்தைக் கவனிக்கும் பங்குப் பேரவையின் கூட்டம் நடந்துகொண்டிருந்தது.

"கல்லறை காலி, ஆண்டவர் உயிர்த்துட்டாருன்னு பொம்பளைங்க ஓடிப்போய்ச் சொன்னாங்க. உளறுறாங்கன்னு சீடர்களே தள்ளிட்டாங்க. இப்படி ஆகும்னு அவருக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சிருக்கும்."

"அப்ப மொதல்ல தலைமைச் சீடர் பேதுருகிட்டயே போயிருக்கலாம்ல?"

"போயிருக்கலாம்."

பிலோமினா காலால் தரையை உதைத்தாள்.

திரைக்குப் பின்னால் கயிறு கட்டி, இயேசு சுரூபத்தைக் கல்லறையிலிருந்து மேலே இழுப்பது அந்த ஊரின் ஈஸ்டர் வழக்கம். இந்த வருடம் பாதி உயரத்தில் கயிறு நழுவியது. சிலை விழுந்து வலது கை உடைந்தது.

கயிற்றைப் பிடித்திருந்தவன் பேரவைத் தலைவரின் மகன் ஆன்றோ. செல்போனை எடுக்கக் கையை விட்டான். தேவதை வேடத்தில் பக்கத்தில் நின்ற பிலோமினா அதைப் பார்த்தாள். வேறு யாரும் பார்க்கவில்லை.

கோவில் வேலைகளைப் பார்க்கும் கோவில்பிள்ளை தொம்மை போட்ட முடிச்சுதான் அவிழ்ந்தது என்றான் ஆன்றோ. ஊர் நம்பியது. தொம்மைக்கு வேலை போகும். கோவில் கொடுத்த வீடும் போகும்.

சற்று முன்புதான் பிலோமினா கூட்டத்தில் எழுந்து, பார்த்ததைச் சொன்னாள்.

"தேவதைக்கு இன்னும் தூக்கக் கலக்கம் போல. யாராவது கூட்டிட்டுப் போய்ப் படுக்க வைங்கம்மா" என்றார் தலைவர்.

மண்டபமே சிரித்தது.

"நீங்களும் உள்ளதான இருந்தீங்க?" என்று இப்போது சிஸ்டரிடம் பாய்ந்தாள். "வாயத் தொறந்தீங்களா?"

சிஸ்டரின் முகம் சுருங்கியது. எழுந்தார்.

"சரி. நான் போய்ச் சொல்றேன். நான் சொன்னா யாரும் சிரிக்க மாட்டாங்க. நீ வீட்டுக்குப் போ."

"போங்க. இப்பவே போங்க."

"என்னன்னு சொல்லட்டும்?"

"ஆன்றோதான் கயித்த விட்டான்னு சொல்லுங்க."

"உங்களுக்கு எப்படித் தெரியும்னு கேப்பாங்க."

"பார்த்தேன்னு சொல்லுங்க!"

சிஸ்டர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பிலோமினா உதட்டைக் கடித்தாள்.

"நீங்க பாக்கலையே" என்றாள். குரலில் இன்னும் கோபம்தான்.

சிஸ்டர் கதவைத் திறந்து, ஒதுங்கி நின்றார்.

"திரும்பவும் சிரிப்பாங்க சிஸ்டர்."

"சிரிப்பாங்க. இந்தத் தடவை நான் உன் பக்கத்துல நிப்பேன்."

"நின்னா மட்டும்?"



உள்ளே தொம்மையிடம் வீட்டுச் சாவியைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

பிலோமினா உள்ளே போனாள்.