தகைவிலானின் பிளந்த வால்

பறவைகளும் மனிதர்களும் ஒரே பேச்சுப் பேசிய அந்தக் காலத்தில், அயர்லாந்தின் மேற்குக் கரையில் கில்ரோவன் என்று பதினோரு வீட்டு ஊர் ஒன்று இருந்தது. அங்கே வீட்டுக் கதவெல்லாம் குறுக்கே அறுத்த இரண்டு பாதிகள். கோழி நுழையாதபடி கீழ்ப்பாதியைச் சாத்தி வைப்பார்கள். வெளிச்சத்துக்கும் ஊர்வம்புக்கும் மேல்பாதி திறந்திருக்கும்.

அந்த ஊர் ஹனோராவின் கணவன் மாலாக்கி, கால்வாய் வெட்டும் வேலைக்கென்று அமெரிக்காவுக்குக் கப்பலேறி மூன்று வருஷம் ஆகியிருந்தது. ஒரு தகவலும் இல்லை. பாவி மகள், இன்னமும் இரண்டு பேருக்கு உருளைக்கிழங்கு வேகவைத்து, மீதியைப் பன்றிக்குக் கொட்டிவிட்டு அழுவாள்.

தகைவிலான் குருவி அப்போதெல்லாம் ஊரைவிட்டு எங்கும் போகாது. குளிரிலும் பாறை இடுக்கில் நடுங்கிக்கொண்டு கிடக்கும். மற்றக் குருவிகளைப் போல அதற்கும் முழு வால்தான்.

"உன்னை மாதிரி யாரு பறக்க முடியும்? கடலைத் தாண்டிப் போய் அவரைப் பாத்துட்டு வாயேன்," என்று ஹனோரா அதனிடம் கெஞ்சினாள். "திரும்பி வருவாரான்னு மட்டும் கேட்டுட்டு வா."

"போறேன் அக்கா. வந்தா உன் வீட்டு உத்தரத்துல கூடு கட்ட இடம் குடு," என்று சொல்லிவிட்டு, குளிருக்கு முன்பே குருவி கிளம்பியது.

மாதக்கணக்கில் அவள் கண் வானத்திலேயே இருந்தது. மே மாதத்தில் ஒரு காலை, குருவி எலும்பும் தோலுமாக வந்து கீழ்க்கதவின் மேல் உட்கார்ந்தது.

"பாத்தேன் அக்கா! உசுரோட இருக்கார். ரெண்டு சேதி சொல்லச் சொன்னார்."

"சொல்லு, சொல்லு!"

"உன் கையால சுட்ட ரொட்டி மாதிரி அந்த ஊர்ல ஒண்ணுமே இல்லையாம். சொல்லும்போதே அழுதுட்டார். ரெண்டாவது..."

மூச்சு வாங்கத்தான் குருவி நிறுத்தியது. ஹனோராவுக்கு அது தயக்கமாகப் பட்டது. வரமாட்டாராக்கும் என்று நினைத்துவிட்டாள். மூன்று வருஷமாகக் காத்திருந்தவளுக்கு, கேட்கிற நேரத்தில் பயம் வந்துவிட்டது.

"வேண்டாம், சொல்லாதே!" என்று மேல்கதவை அறைந்து சாத்தினாள்.

குருவி வெளியே பாய்ந்தது. வாலின் நடு இறகுகள் கதவிடுக்கில் மாட்டிப் பிய்ந்தன. அந்த வலியில் மனிதப் பேச்சே அதற்கு மறந்துபோயிற்று. மற்றப் பறவைகளும், இந்த மனிதர்களோடு பேசவே கூடாது என்று வாயை மூடிக்கொண்டன.

அடுத்த நொடியே ஹனோரா கதவைத் திறந்தாள். "தெரியாம பண்ணிட்டேன். என்ன சொன்னார்? சொல்லிடு!"

குருவி கோபித்துக்கொள்ளவில்லை. உத்தரத்தில் ஏறி உட்கார்ந்து சொல்லத்தான் செய்தது. கீச்சு கீச்சென்று கேட்டதே தவிர, அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

தகைவிலானுக்கு வால் பிளந்தது அன்றிலிருந்துதான். வருஷாவருஷம் குளிருக்கு முன் கடல் தாண்டிப் போய், மே மாதம் திரும்பி வந்து, வீட்டுக்குள் கூடு கட்டி, வாய் ஓயாமல் அந்த இரண்டாவது சேதியைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. கில்ரோவனில் அந்த மாதம் முழுக்க யாரும் மேல்கதவைச் சாத்துவதில்லை. மாலாக்கி வருகிறேன் என்றானோ, நீ கிளம்பி வந்துவிடு என்றானோ, இன்றுவரை யாருக்கும் தெரியாது.